நடுவில் சேரும் தையல்

பிப்ரவரி 6, வியாழன்

பல் ஆஸ்பத்திரியின் நீள இருக்கை இன்று தைத்து முடிந்தது. பச்சை ரெக்சின். வழக்கம்போல நான் இந்த முனையிலிருந்து, இவர் அந்த முனையிலிருந்து. நடுவில் சந்தித்ததும் இவர் நூலைப் பல்லால் கடிப்பார். கத்தரி பக்கத்திலேயே கிடக்கும், ஆனாலும் பல்தான். கல்யாணமான புதிதில் ரசித்தேன். இப்போது எரிச்சல் வருகிறது, ஆனாலும் பார்க்கத்தான் செய்கிறேன்.

நான் வலக்கை, இவர் இடக்கை. என் தையல் ஒரு பக்கம் சாயும், இவருடையது எதிர்ப்பக்கம். இரண்டும் சேருகிற இடம் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். எங்களைப் 'புருஷன் பொண்டாட்டி கடை' என்று தெருவில் சொல்வது இந்தத் தையலைப் பார்த்துத்தான் என்று தம்பி கிண்டல் செய்வான்.

தம்பி உள்ளே போய் ஐந்து மாதம் ஆகப்போகிறது. கூரியர் வண்டி ஓட்டுகிறவன் பயங்கரவாதியாம்! எங்கள் கூடத்து சோபாவில் காலை நீட்டிக் குறட்டை விடுகிறவன். அவனோடு வண்டி ஓட்டிய சிநேகிதனைப் போலீஸ் சிறப்புப் பிரிவுக்காரர்கள் விசாரணைக்கு என்று கூட்டிப்போய்ப் பிணமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். ஏன் செத்தான் என்று கேட்டு இவன் மனு எழுதிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தான். இவன் செய்தது அவ்வளவுதான்.

வக்கீலம்மா போன் செய்தார். திங்கள்கிழமை விசாரணை. உங்கள் வீட்டுக் கூடத்தில் பேசியதை ஒட்டுக்கேட்ட பதிவு ஒன்றுதான் அவர்கள் கையில் இருக்கிறது, அது விழுந்தால் வழக்கே விழுந்துவிடும் என்றார். போனை வைத்த பிறகு வீட்டுச் சுவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே வைத்திருப்பான்கள்?

பிப்ரவரி 10, திங்கள்

இன்று கோர்ட்டில் முதல்முறையாக மூச்சு விட்டேன்.

சட்டம் இப்படியாம். ஒருவன் மேல் எவ்வளவு பெரிய சந்தேகம் இருந்தாலும், அவன் இருக்கிற வீட்டுக்குள் காதை வைக்க நீதிபதியின் உத்தரவு வேண்டும். எந்த இடம், எத்தனை நாள் என்று அதில் சொல்லியிருக்க வேண்டும். தம்பியின் போனுக்கு உத்தரவு இருக்கிறது. கூரியர் டிப்போவில் அவன் பெட்டி வைத்திருக்கிற அறைக்கு இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு இல்லை. வக்கீலம்மா எழுந்து அதைச் சொன்னதும் அரசு வக்கீல் தண்ணீர் பாட்டிலைத் தேடினார்.

"உத்தரவு இல்லாம ஒரு குடும்பத்தோட கூடத்துக்குள்ள எப்படிப் போனீங்க?" என்று நீதிபதியம்மா கேட்டார். சத்தமே இல்லாமல் கேட்டார். பதில் சொல்ல அவகாசம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

வாசலுக்கு வந்து அழுதேன். சந்தோஷத்தில்தான். இவர் என் பையை வாங்கி வைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. நல்ல சேதிக்கும் கெட்ட சேதிக்கும் ஒரே மூஞ்சி வைத்திருக்கிற மனுஷன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

சோபாவைத் தூசி தட்டினேன். அவன் வந்தால் படுக்க வேண்டுமே.

பிப்ரவரி 24, திங்கள்

உத்தரவே தேவையில்லையாம்.

அந்த வீட்டில் குடியிருக்கிற ஒருவர் மனமுவந்து சம்மதம் கொடுத்துவிட்டால் நீதிபதியிடம் போக வேண்டாமாம். அதுவும் சட்டத்திலேயே இருக்கிறதாம். ஒருவர் கொடுத்திருக்கிறாராம். பாதுகாப்பைக் கருதிப் பெயரை நீதிபதிக்கு மட்டும் சொல்வார்களாம்.

"யாரு அது?" என்று எழுந்து நின்று கேட்டுவிட்டேன். சேவகர் வந்து உட்கார வைத்தார்.

வெளியே வந்ததும் வக்கீலம்மாவைப் பிடித்துக்கொண்டேன். இது என்ன நியாயம் என்று கேட்டேன். "சட்டம் அரசாங்கத்துக்குத்தான் வேலி போட்டிருக்கு. உள்ள இருக்கிறவங்களே கதவைத் திறந்து விட்டா வேலி என்ன பண்ணும்?" என்றார். சம்மதம் மிரட்டி வாங்கினதாக இருந்தால் மட்டும் செல்லாது என்றார்.

வீட்டில் யார் இருந்தோம்? நான், இவர், தம்பி. அப்புறம்... ஐயோ. ஒட்டடைக்குச்சி!

தம்பியோடு வண்டி ஓட்டுகிறவன். உயரத்துக்கும் ஒல்லிக்கும் நான் வைத்த பெயர். அறை கிடைக்கவில்லை என்று, தம்பி உள்ளே போகிறவரை எங்கள் மாடிப்படிக்கு அடியில் படுத்துக் கிடந்தான். ரெண்டு வேளையும் என் கையால் தின்றான். பாவி. பாவி.

பிப்ரவரி 26, புதன்

டிப்போ வாசலுக்கே போய் ஒட்டடையைப் பிடித்துக் கேட்டேன். கேட்டேன் என்ன, கிழித்துத் தொங்கவிட்டேன். வண்டிக்காரர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். "நான் எதுவும் செய்யலக்கா" என்று மட்டும் சொன்னான். இனி என்னை அக்கா என்று கூப்பிட்டால் நாக்கை அறுப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இவரும் கூட வந்திருந்தார். பக்கத்தில்தான் நின்றார். தடுக்கவில்லை. வழியில் போதும் வா என்றார், அவ்வளவுதான்.

மார்ச் 12, புதன்

பதிவைக் கோர்ட்டில் போட்டுக் காட்டினார்கள்.

தம்பியின் குரல். "நாள் நான் குறிக்கிறேன்." அவ்வளவே. சிறப்புப் பிரிவு அலுவலகத்தை எரிக்க நாள் குறித்தான் என்பதுதான் வழக்கு.

அந்தச் சாயங்காலம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவன் சிநேகிதனை அடக்கம் செய்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தோம். செத்தவனின் பெண்டாட்டி மண்ணில் விழுந்து அழுததைப் பார்த்துவிட்டு வந்த ஆத்திரம் எனக்கு. அந்த ஆபீஸைக் கொளுத்தணும் என்று கத்தினேன். நான்! என் வாய்தான் ஊரறிந்த வாயாயிற்றே. என்னை அடக்க அவனுக்கு ஒரே வழிதான் தெரியும். "சரிக்கா, தீப்பெட்டி நீ கொண்டா, நாள் நான் குறிக்கிறேன். அதுக்கு முன்னாடி ஒரு டீ போடு." அந்த நிலைமையிலும் சிரித்துவிட்டேன். எழுந்து போய் டீ போட்டேன்.

பதிவில் முன்னால் உள்ளதும் இல்லை, பின்னால் உள்ளதும் இல்லை. வழக்குக்குத் தொடர்பில்லாத குடும்பப் பேச்சைச் சட்டப்படி நீக்கிவிட்டோம் என்கிறார்கள். எங்களைப் போன்றவர்களின் அந்தரங்கத்தைக் காப்பாற்ற உள்ள விதியாம் அது. ஆகா, என்ன அக்கறை!

தாழ்வாரத்தில் வக்கீலம்மாவிடம் சொன்னேன். அவர் என் வாயை நிஜமாகவே கையால் பொத்தினார். "இதை இப்ப யார்கிட்டயும் சொல்லாதீங்க. சொன்னா நீங்க ரெண்டாவது குற்றவாளி. முதல்ல சம்மதத்தை உடைப்போம்" என்றார்.

இன்னொன்று. அவன் குரலுக்கு அடியில் ஒரு சத்தம் கேட்டது. கிரீச், கிரீச் என்று. கோர்ட்டில் வேறு யாருக்கும் அது சத்தமாகவே பட்டிருக்காது. என் சோபாவின் இடப்பக்க ஸ்பிரிங் அது. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அவ்வளவு கிட்டத்தில் கேட்கிறதென்றால் காது சுவரில் இல்லை.

மார்ச் 13, வியாழன்

இவர் ரெக்சின் எடுக்கப் போயிருந்தார். சோபாவை முன்னால் கவிழ்த்தேன்.

இந்த சோபாவின் பின்துணி முழுக்க நான் தைத்தது. அப்போது இவர் கையில் உளி பட்டுக் கட்டுப் போட்டிருந்தது. எங்கள் பட்டறையிலிருந்து வந்ததில் நடுவில் சேருகிற தையல் இல்லாத ஒரே சோபா இதுதான். இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை என் கை.

இடப்பக்க மூலையில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.

துணியில் பழைய ஊசித் துளைகள் நிறைய. பிரித்துப் பிரித்துத் தைத்திருக்கிறது. நூல் புதுசு. ஒவ்வொரு தையலும் அளந்து வைத்தது போல, கடைசி முடிச்சு உள்ளே தள்ளி மறைத்து, நுனி பல்லால் கடித்து.

பிரித்தேன். தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. தம்பி தலை வைக்கிற இடத்துக்கு நேர் பின்னால்.

தொடவில்லை. மறுபடி தைத்து வைத்துவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

டீ கொடுத்தேன். இடக்கையால் வாங்கினார். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

எத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து தைத்திருக்கிறேன் இந்தக் கையோடு? அந்த சோபாவில் உட்கார்ந்து நான் என்னென்ன பேசியிருப்பேன்? வயிற்றில் தங்காமல் போனதை இவரிடம் சொல்லி அழுதது அங்கேதான். அதையும் எவனோ ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டிருப்பான். கேட்பான் என்று தெரிந்தே இவர் என் தலையைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 16, ஞாயிறு

"எப்போ தச்சீங்க?" என்று கேட்டேன்.

எதை என்று கேட்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மெல்ல மெல்லச் சொன்னார். தம்பியின் சிநேகிதனைப் பிடித்த வாரமே ரெண்டு பேர் கடைக்கு வந்தார்களாம். உடைந்த நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, வாடிக்கைக்காரர்கள் மாதிரி. சம்மதிக்காவிட்டால் உன் பெண்டாட்டியையும் விசாரணைக்குக் கூப்பிடுவோம் என்றார்களாம். அப்புறம் அந்தப் பையன் எப்படித் திரும்பி வந்தான் என்பதை இவரும்தானே பார்த்தார். கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும், இவன் குறட்டையையும் கிண்டலையும் கேட்டு அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாராம்.

அடக்கம் முடிந்த அன்று நான் கத்தினது அவர்கள் காதில் விழுந்த பிறகு மறுபடி வந்தார்கள்.

"வழக்குல ரெண்டு பேரையும் எழுதவா, ஒருத்தரை எழுதவான்னு கேட்டாங்க. நான் உன்னைக் கேட்டு வாங்கிக்கிட்டேன்."

வாங்கிக்கிட்டாராம். நான் என்ன கடையில தொங்குற சாமானா? என் தம்பியைக் கொடுத்து என்னை வாங்குறதுக்கு இவர் யாரு?

பெட்டியை எதற்குத் திரும்பத் திரும்பப் பிரித்தது என்று கேட்டேன். மாதம் ஒரு முறை பேட்டரி மாற்ற வேண்டுமாம். கடைசியாக மாற்றியது போன வாரமாம். அவன்தான் உள்ளே போய்விட்டானே, இன்னும் எதற்கு? "நிறுத்தச் சொல்லலை" என்றார். டிப்போ வாசலில் ஒட்டடையை நான் நாராகக் கிழித்தபோது பக்கத்தில் நின்றிருந்தீர்களே என்றேன். தலை குனிந்துகொண்டார். பசை போட்டு ஒட்டியிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது, ஏன் தைத்தீர்கள் என்றும் கேட்டேன். "அரைகுறையா விட கை கேக்கலை" என்றார். அடப்பாவி மனுஷா.

அப்போதுதான் உறைத்தது. போன வாரம் பேட்டரி மாற்றினால் பெட்டி உயிரோடு இருக்கிறது. இதையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. சோபாவைக் கையால் தட்டினேன். "இன்னொரு தடவை சொல்லுங்க. என்ன சொல்லி மிரட்டினாங்க? சத்தமா சொல்லுங்க" என்றேன். சொன்னார்.

மார்ச் 17, திங்கள்

ஓடினேன் வக்கீலம்மாவிடம். சம்மதம் மிரட்டி வாங்கியது, என்னிடமே ஒத்துக்கொண்டார், நான் கூண்டேறிச் சொல்கிறேன் என்றேன்.

முடியாதாம். கணவன் மனைவியிடம் தனிமையில் சொன்னதை மனைவி கோர்ட்டில் சொல்லக் கூடாதாம். தாம்பத்திய அந்தரங்கத்தைச் சட்டம் மதிக்கிறதாம். சிரித்தேன். நிறுத்த முடியாமல் சிரித்தேன். தண்ணீர் கொடுத்தார்கள்.

பிரிந்துவிட்டால் சொல்லலாமா என்று கேட்டேன். பிரிந்தாலும் முடியாதாம். அவரே வந்து சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெட்டி சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பதிவைக் கேட்டு மனுப் போடுகிறார்.

ஏப்ரல் 2, புதன்

தம்பதியரின் அந்தரங்கப் பேச்சு என்பதால் அந்தப் பதிவு விதிப்படி உடனே அழிக்கப்பட்டதாம்.

மரியாதையாக, தலைகுனிந்து சொன்னார் அரசு வக்கீல். எங்கள் மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவர் மாதிரி.

ஏப்ரல் 6, ஞாயிறு

இவர் சாட்சி சொல்கிறேன் என்கிறார். வக்கீலம்மா போட்ட மனுவில் பெயர்தான் வெளியே வந்துவிட்டதே, இனி என்ன என்கிறார். "உள்ளதை உள்ளபடி சொல்லிடுறேன். நம்பு." பல நாளைக்கு அப்புறம் ரெண்டு தட்டு வைத்தேன்.

நம்பத்தான் செய்கிறேன் போலிருக்கிறது. வெட்கங்கெட்ட மனசு.

ஏப்ரல் 9, புதன்

நீதிபதியம்மா நேராகவே கேட்டார். "உங்களை யாராவது மிரட்டினாங்களா?"

இவர் என்னைப் பார்த்தார். அரசு வக்கீலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ரெண்டு பேரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"இல்லைங்க. நானாத்தான் ஒத்துக்கிட்டேன்."

கூண்டுக்குள் இருந்த தம்பி இவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான், நான் விழுந்துவிடுவேனோ என்று. சம்மதம் செல்லும். பதிவும் செல்லும்.

தாழ்வாரத்தில் இவர் பின்னாலேயே வந்தார். காலையில் மறுபடி வந்து பேசினார்களாம். "நீ வெளிய இருக்கணும். எனக்கு அது போதும்" என்றார். உங்களிடம் நான் அதைக் கேட்டேனா என்றேன். எல்லார் முன்னாலும் கேட்டேன். கேட்டேனா? எப்பவாச்சும் கேட்டேனா?

ஏப்ரல் 10, வியாழன்

இவர் துணிமணியை எடுத்துக்கொண்டு பட்டறையின் பின்னறைக்குப் போய்விட்டார். நான் போகச் சொன்னேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஜெயிலில் தம்பியைப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆள் பாதியாகிவிட்டான். வாய் மட்டும் குறையவில்லை. இங்கே படுக்கை நம் சோபாவை விடத் தேவலை, ஸ்பிரிங் குத்துவதில்லை என்கிறான்.

பிறகு குரலைத் தாழ்த்தி, "தீப்பெட்டி விஷயத்தை வாயைத் திறந்து சொல்லிராதக்கா. மச்சான் செஞ்சது துரோகம்தான். ஆனா எதுக்குச் செஞ்சார்னு எனக்குப் புரியுது" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எல்லாரும் சேர்ந்து என்னைக் காப்பாத்துறீங்க. ஒருத்தராச்சும் என்னைக் கேட்டீங்களாடா?" என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது. நேரம் முடிந்தது என்று காவலர் வந்துவிட்டார்.

திரும்பும் வழியில் டிப்போவில் இறங்கினேன். ஒட்டடையிடம் மன்னிப்புக் கேட்டேன், அன்று திட்டினேனே அதே இடத்தில், எல்லார் முன்னாலும். "இனிமே அக்கான்னு கூப்பிடலாமா?" என்றான். தலையை ஆட்டினேன்.

ஏப்ரல் 28, திங்கள்

கூண்டேறினேன்.

புருஷன் சொன்னதைத்தான் சொல்லக் கூடாது. நான் சொன்னதைச் சொல்ல எனக்கு எவன் தடை? வக்கீலம்மா கடைசி வரை யோசிக்கச் சொன்னார். யோசித்தாயிற்று என்றேன்.

இது உங்களுக்கே ஆபத்தாக முடியலாம், தெரியுமா என்று நீதிபதியம்மா கேட்டார். தெரியும் என்றேன். பிறகு சொன்னேன்:

"கொளுத்தணும்னு சொன்னது நான். நாள் குறிக்கிறேன்னு அவன் சொன்னது என்னைச் சிரிக்க வைக்க. அப்புறம் டீ கேட்டான். நான் போய் டீ போட்டேன். இதுதான் நடந்துச்சு. அந்தப் பொட்டியில இருக்கும், போட்டுப் பாருங்க."

இவர் கடைசி பெஞ்சில் இருந்தார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். இத்தனை மாதம் எதை மூடி வைக்கத் தைத்தாரோ அது பிரிந்துவிட்டது.

மூலப் பதிவை முழுசாகக் கொண்டுவர உத்தரவு.

மே 14, புதன்

நீக்கிவிட்டோம் என்றார்களே, நகலில்தான் நீக்கினார்களாம். மூலம் பத்திரமாக இருக்கிறது. அழித்ததாகச் சொன்னது எங்கள் ஞாயிற்றுக்கிழமையை மட்டும்தான்.

முழுசாகப் போட்டார்கள். என் கத்தல். அவன் கிண்டல். ஸ்பிரிங். பிறகு நான் சிரிக்கிற சத்தம். சர்க்கரை போடட்டுமா என்று உள்ளேயிருந்து கேட்கிறேன். கோர்ட்டில் யாரோ சிரித்துவிட்டார்கள். நீதிபதியம்மா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அரசு வக்கீலை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பிக்கு ஜாமீன். எனக்கு நோட்டீஸ்: திங்கள்கிழமை காலை சிறப்புப் பிரிவு அலுவலகத்தில் விசாரணைக்கு ஆஜராக வேண்டும். வக்கீலம்மா கூட வருகிறார். கோர்ட்டுக்குத் தெரிந்து போகிறவளை ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்கிறார். அப்படித்தான் இருக்கும்.

மே 16, வெள்ளி

தம்பி வந்துவிட்டான். சோபாவில் உட்காரவில்லை. அவனும் ஒட்டடையுமாகத் தூக்கிக்கொண்டு போய் வெளியே போட்டார்கள். கூடம் அகலமாகத் தெரிகிறது. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பெட்டி போய்விட்டது என்று தெரிந்தும் யாருக்கும் பேச வாய் வரவில்லை.

சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனேன். கண் ஆஸ்பத்திரி இருக்கையைத் திங்களுக்குள் கொடுத்தாக வேண்டும். திங்கள் நான் இருக்கிறேனோ இல்லையோ, வேலை முடிய வேண்டும்.

இவர் இல்லை. இருக்கை மேசையில் கிடந்தது. தன் முனையிலிருந்து நடுவரை தைத்து, என் பாதியைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஊசியில் நூல் கோத்து என் பக்கம் செருகி வைத்திருந்தது. நல்ல தையல். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

விளக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு அவர் பாதியை முழுக்கப் பிரித்தேன். பிறகு இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை நானே தைத்தேன்.